99 நாளில் பிறந்த வாடை

18-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு துணியை வெளுத்து எடுக்க மாதக் கணக்கில் ஆனது. நெய்து இறக்கிய லினன் துணியைச் சாம்பல் காரத்தில் வேகவைப்பார்கள், புளித்த மோரில் ஊறப்போடுவார்கள், புல்வெளியில் விரித்துக் காயவைப்பார்கள். பிறகு மறுபடி காரம், மறுபடி மோர், மறுபடி வெயில். அந்த நாட்டு வெயிலோ நினைத்தபோது வந்து நினைத்தபோது போவது. ஏக்கர் ஏக்கராக நல்ல நிலம் துணிக்கு அடியில் முடங்கிக் கிடந்தது. 1774-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வாயுவைக் கண்டிருந்தார். அது சாயத்தை நொடியில் வெளுக்கிறது என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரான்ஸின் பெர்தோலே காட்டினார். ஆனால் அதை முகர்ந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். மூச்சை அடைக்கும் வாயுவை எந்த வண்ணான்துறைக்கு எடுத்துப்போக முடியும்?

வழி கண்டவர் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட். நெசவுத் தொழில் பழகி, பிறகு துணி வெளுக்கும் களம் நடத்தியவர். நீர் தெளித்துப் பூத்த சுண்ணாம்பின் மேல் அந்த வாயுவைச் செலுத்தினார். சுண்ணாம்பு வாயுவைக் குடித்துவிட்டு உலர்ந்த வெள்ளைப் பொடியாக நின்றது. பீப்பாயில் அடைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், வேண்டும்போது தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். 1799-ல் காப்புரிமை பெற்றார். மாதக் கணக்கில் ஆன வேலை நாள் கணக்கில் முடிந்தது. புல்வெளிகள் மாட்டுக்கும் விவசாயத்துக்கும் திரும்பின. அந்தப் பொடிக்குத் துணியைத் தாண்டியும் ஒரு வேலை இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்கள் வீங்கிப் பெருத்தன. தெருவில் சாக்கடை, வீட்டடியில் மலக்குழி, ஆற்றில் கசாப்புக் கழிவு என்று எங்கும் நாற்றம். கெட்ட காற்றுதான் காலராவையும் காய்ச்சலையும் கொண்டுவருகிறது என்று படித்த மருத்துவர்களே நம்பினார்கள். இந்த வெள்ளைப் பொடி நாற்றத்தைப் போக்கும். ஆகவே பிணக்கொட்டகையிலும் சாக்கடையிலும் அதைத் தூவினார்கள். 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் அதைத் தேர்ந்ததற்கும் நாற்றமே காரணம். பிணப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிண வாடை நின்றது. பொடி கரைத்த நீரில் கழுவினால் போனது. எனவே ஒவ்வொருவரும் அதில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏப்ரலில் அவர் வார்டில் நூறு தாய்மாரில் 18 பேர் இறந்திருந்தார்கள். ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். மருத்துவ உலகம் அதைப் புறந்தள்ளியது. செம்மல்வைஸ் 1865-ல் ஒரு மனநல விடுதியில் இறந்தார். பொடி செய்த காரியத்தை விளக்கிச் சொல்ல அன்று உலகத்திடம் கிருமி என்ற அறிவே இல்லை.

லண்டனில் இன்னும் விநோதமாக நடந்தது. 1854-ல் சோஹோ பகுதியில் பத்தே நாளில் 500-க்கும் மேற்பட்டவர்களைக் காலரா கொண்டுபோனபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்து, பிராட் தெருவின் அடிபம்பில் வந்து நின்றார். நோய் காற்றில் வரவில்லை, தண்ணீரில் வருகிறது என்றார். அவர் சொல்லித்தான் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனாலும் அவர் கருத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1858 கோடையில், தேம்ஸ் நதி நாறியது. நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளை வெள்ளைப் பொடி கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நதியிலும் சாக்கடை வாயிலும் அதே பொடியைக் கொட்டினார்கள். நோய் தண்ணீரில் இருக்கிறது என்று சொன்னவர் ஒருவர், பொடியைத் தண்ணீரில் கொட்டியவர்கள் வேறு சிலர். இரண்டும் சேர இன்னும் ஐம்பது ஆண்டு பிடித்தது. அதற்குள் போன உயிர்களை நினைத்தால் மனம் ஆறாது.

1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை வடக்குப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. மணல் தீவுகளில் பாளையம்; குடிக்கக் கிடைத்தது கெட்ட தண்ணீர். நியூயார்க்கின் 144-வது காலாட்படையில் மருத்துவராக இருந்த ஜான் ரோஸ் லீல் அங்கே சீதபேதியில் விழுந்தார். உயிரோடு வீடு திரும்பினார், ஆனால் நோயும் கூடவே வந்தது. பதினேழு ஆண்டுக்கு மேல் அதோடு இழுபட்டு 1882-ல் இறந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் ஒரு மனிதரை எப்படி அணு அணுவாகக் கரைக்கும் என்பதைப் பார்த்தே வளர்ந்தான் அவர் மகன். அந்த மகன் ஜான் எல். லீலும் மருத்துவம் படித்தார். நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரத்தில் சுகாதார அதிகாரியானார்.

பட்டு ஆலைகள் நிறைந்த ஊர் பேட்டர்சன். டைபாய்டோ தொண்டை அடைப்பானோ வந்த வீட்டில் நோயாளி தேறியதும், அல்லது பிணம் போனதும், லீலின் ஆட்கள் சென்று தரையையும் சுவரையும் வெள்ளைப் பொடி கரைசலால் துடைத்தெடுத்தார்கள். கிருமி என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த சேதி. 1898-ல் லீல் தன் ஆய்வகத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தார்: கிருமி கலந்த நீரில் அதே பொடியைத் துளித்துளியாகக் கரைத்தார். நினைத்ததைவிட மிகக் குறைந்த அளவிலேயே கிருமிகள் மடிந்தன. அதைக் குறித்து வைத்துக்கொண்டார். வெளியே சொல்லும் காலம் அதுவல்ல.

ஏனென்றால் 1892-ல் ஹாம்பர்க் நகரம் வேறொரு பாடத்தை உலகத்துக்குக் கற்பித்திருந்தது. எல்பே நதியின் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டது அந்த நகரம். காலரா புகுந்ததும் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்ட்டோனா ஊர் அதே நதியில் இன்னும் கீழே, ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு, தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஓடிய தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் நோய் அண்டவே இல்லை. அதிலிருந்து மணல் வடிகட்டிதான் மந்திரம் என்று பொறியாளர்கள் முடிவுகட்டினார்கள். குடிக்கும் தண்ணீரில் ரசாயனம் கலப்பதா என்று நிபுணர்களே முகம் சுளித்தார்கள். விஷம் என்றார்கள் மக்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905-ல் டைபாய்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் துணிந்து தண்ணீரில் மருந்து கலந்தார். அதையும் ஆபத்துக்குச் செய்த அவசர வைத்தியமாகத்தான் உலகம் பார்த்தது. நோயே பரவாத நாளில், ஒரு பெருநகரம் முழுவதும் தினமும் குடிக்கும் தண்ணீரில் அதைக் கலக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தத் துணிச்சலை ஒரு பண வழக்கு கொண்டுவந்தது.

ஹட்சன் நதிக்கு இக்கரையில் நியூயார்க், அக்கரையில் ஜெர்சி சிட்டி. 1900-ல் அங்கே இரண்டு லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். 1896 வரை அவர்கள் குடித்தது பசாயிக் நதித் தண்ணீரை. நதியின் மேற்பகுதியில் இருந்த ஊர்களின் சாக்கடை அதில்தான் கலந்தது. அவற்றில் லீலின் பேட்டர்சனும் ஒன்று. அலை ஏறும்போது கீழே நியூவார்க்கின் கழிவும் மேலே வந்து சேர்ந்தது. டைபாய்டு அந்நகரில் குடியிருந்தது என்றே சொல்லலாம். நல்ல தண்ணீர் வேண்டி நகராட்சி 1899-ல் ஓர் ஒப்பந்தம் போட்டது. மலைப் பகுதியில் ராக்கவே நதியை மறித்து பூண்டன் என்ற இடத்தில் 700 கோடி காலன் கொள்ளளவுக்கு நீர்த்தேக்கம் கட்டினார்கள். அங்கிருந்து 37 கிலோமீட்டருக்குக் குழாய். 1904 மே மாதம் புதுத் தண்ணீர் வந்தது. வடிகட்டி கிடையாது. தேக்கத்தில் நாள் கணக்கில் நின்றாலே அழுக்கு அடியில் தங்கிவிடும், கிருமி தானே செத்துவிடும் என்று கட்டிய நிறுவனம் நம்பியது.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிக்கொள்ள நகராட்சி எழுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். பணம் கொடுக்கும் நேரத்தில் நகராட்சி ஒப்பந்தத்தைப் புரட்டியது. தூய்மையான, உடலுக்கு நல்ல தண்ணீர் தருவதாக அதில் இருந்தது. இந்தத் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல என்று வழக்குப் போட்டது. நாட்டின் பெரிய சுகாதார நிபுணர்களெல்லாம் இரு பக்கமும் சாட்சி சொன்னார்கள். நிறுவனத்தின் சுகாதார ஆலோசகராகச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் லீல். நீதிபதி ஃபிரடெரிக் ஸ்டீவன்ஸ் 1908 மே மாதம் தீர்ப்பு சொன்னார்: பெரும்பாலான நாள் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆண்டில் இரண்டு மூன்று முறை, பெருமழை அடித்து மேல் ஊர்களின் கழிவு தேக்கத்துக்குள் வரும்போது மட்டும் சரியில்லை. அந்த ஊர்களுக்குச் சாக்கடை கட்டிக் கழிவைத் திருப்பிவிட வேண்டும், அல்லது அதே பலனைத் தரும் வேறு ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். சாக்கடை கட்டப் பெரும் பணம் பிடிக்கும். ‘வேறு ஏற்பாடு’ என்று நீதிபதி ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். சில மாதம்தான் அவகாசம்.

சாக்கடை கட்டினாலும் பயனில்லை என்பது லீலுக்குத் தெரிந்திருந்தது. மழை வெள்ளம் தெருவையும் தொழுவத்தையும் கழுவிக்கொண்டு வருவதை எந்தக் குழாய் தடுக்கும்? பத்து ஆண்டுக்கு முன்பு ஆய்வகத்தில் பார்த்ததை இப்போது வெளியே எடுத்தார். துணி வெளுத்த அதே பொடி, பிண வாடை போக்கிய அதே பொடி, நம் ஊரில் மழைக்காலத்தில் தெருவோரம் வெள்ளைக் கோடாகத் தூவும் பிளீச்சிங் பவுடர். அதில் அடைந்திருக்கும் வாயு குளோரின். அதை ஒரு நகரம் குடிக்கும் தண்ணீரில் கலப்பது என்று முடிவெடுத்தார். 1908 ஜூன் 19 அன்று ஜார்ஜ் வாரன் ஃபுல்லர் என்ற பொறியாளரை அழைத்தார். மணல் வடிகட்டிகளை நவீனமாக்கியதில் நாட்டிலேயே பேர் பெற்றவர். கையில் கோடைக்காலம் ஒன்றுதான் இருந்தது.

ஆய்வகத்தில் ஒரு குடுவைக்குள் கலப்பது எளிது. ஃபுல்லருக்கு வந்த கணக்கு, நாளொன்றுக்கு 4 கோடி காலன், அதாவது சுமார் 15 கோடி லிட்டர் ஓடும் தண்ணீரில் இரவும் பகலும் ஒரே சீராகக் கலப்பது. சற்றுக் கூடினால் ஊர் முழுவதும் மருந்து நாற்றம், சற்றுக் குறைந்தால் ஊர் முழுவதும் டைபாய்டு. தொட்டிகளில் பொடியைக் கொட்டிக் கலக்கிக் கரைசலாக்கினார்கள். கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கவேண்டும். தெளிந்த நீர் அடுத்த சிறு தொட்டிக்குப் போனது. அதில் மிதவை வைத்து நீர் மட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். மட்டம் மாறாத தொட்டியின் துளை வழியே வரும் ஒழுக்கும் மாறாது. மின் கருவி எதுவும் இல்லாமல் அளவைக் கட்டிப்போட்ட சூட்சுமம் அதுதான். அங்கிருந்து கரைசல் நீர்த்தேக்கத்தை விட்டு வெளியேறும் தண்ணீரில் விழுந்தது. 10 லட்சம் பங்கு தண்ணீருக்குக் குளோரின் 0.2 பங்கு அளவில். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் பொடிகூட வேண்டியிருக்கவில்லை. 1908 செப்டம்பர் 26 அன்று திறந்துவிட்டார்கள். 99 நாளில் வேலை முடிந்தது. நகர மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வழக்கம்போல் குழாயைத் திறந்து குடித்தார்கள்.

இன்றைய கண்ணோடு பார்த்தால் அது பெரும் அத்துமீறல்தான். யாரையும் கேட்காமல் ஒரு நகரத்தின் தண்ணீரில் மருந்து கலந்தார். அதே நேரம், கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்காது என்பதும் உறுதி. இந்த இரண்டும் உண்மை. லீலின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதை முன்மாதிரியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில நாளிலேயே விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. இம்முறை விசாரித்தவர் வில்லியம் மேகி. நகராட்சி தரப்பில் எம்.ஐ.டி. பேராசிரியர் வில்லியம் செட்ஜ்விக், நிபுணர் ஜார்ஜ் விப்பிள் போன்ற பெருந்தலைகள் அணிவகுத்தார்கள். 1909 பிப்ரவரியில் லீல் மறுபடி கூண்டில் ஏறினார். நகராட்சியின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் மடக்கினார்: இந்தத் தண்ணீரை நீங்கள் குடிக்கிறீர்களா? குடிக்கிறேன் என்றார் லீல். உங்கள் மனைவிக்கும் குடும்பத்துக்கும் கொடுக்கத் தயங்க மாட்டீர்களா? உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான தண்ணீர் இதுதான் என்று நம்புவதாகப் பதில் வந்தது. கெட்ட தண்ணீர் தன் தந்தையை என்ன செய்தது என்று அறிந்தவர் சொன்ன பதில் அது. வாதம் முடிந்தாலும் தீர்ப்புக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1910 மே மாதம் மேகியின் அறிக்கை வந்தது. ஏற்பாடு வேலை செய்கிறது, ஆபத்தான கிருமிகளைத் தண்ணீரிலிருந்து அகற்றுகிறது என்று எழுதினார். பேதி, டைபாய்டு என்று தண்ணீரில் வரும் நோய்களை விரட்ட மலிவான ஆயுதம் ஒன்று நீதிமன்ற முத்திரையோடு உலகத்துக்குக் கிடைத்தது. லீல் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. எந்த நகராட்சியும் யாருக்கும் ஒரு காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ள முடிந்தது. அமெரிக்க நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டன. 1913-ல் வாலஸ், டியர்னன் என்ற இருவர் பொடியைக் கைவிட்டு, குளோரின் வாயுவையே அளந்து செலுத்தும் கருவியை உருவாக்கினார்கள். முதலில் அதைப் பொருத்தியதும் பூண்டனில்தான். இரண்டே ஆண்டில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை அதே வாயுவை உருளைகளிலிருந்து திறந்துவிட்டு மனிதர்களைக் கொன்றது. அதை லீல் பார்க்கவில்லை. 1914 மார்ச்சில் நீரிழிவு நோயால் இறந்துவிட்டிருந்தார்.

இறந்தவருக்கு இன்னொரு அநீதியும் நடந்தது. ஃபுல்லரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் ஜான்சன் என்பவர் பூண்டன் ஏற்பாடு தன் யோசனை என்று பேசியும் எழுதியும் வந்தார். மறுத்துச் சொல்ல லீல் இல்லை. பொறியியல் நூல்கள் ஜான்சன் பெயரையே பல காலம் சுமந்தன. லீலின் கல்லறையில் ஒரு கல்கூட இல்லாமல் இருந்தது. 2013-ல்தான், குடிநீர்த் துறையினர் முன்வந்து, பேட்டர்சன் இடுகாட்டில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

பூண்டனில் மிதவைத் தொட்டி செய்த வேலையைத் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரின் கை செய்கிறது. பிளாஸ்டிக் வாளியில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைக்கிறார். வாளியை நிரப்பிக் கலக்குகிறார். சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறார். கிருமி சாக அரை மணி நேரமாவது வேண்டும். பிறகுதான் குழாயில் விட வேண்டும். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று தெருவில் புகார் எழும்போது திட்டு வாங்குபவரும் அவர்தான். அந்த வாடை பெரும்பாலும் குளோரின் தண்ணீரிலிருக்கும் அழுக்கோடு சேர்ந்து உண்டாவது. அழுக்கு கூடினால் வாடையும் கூடும். பூண்டனில் முதல் நாள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு அளவு குறைவாக இருந்ததும் தண்ணீர் அநேகமாகத் தெளிந்திருந்ததுமே காரணம்.

இந்தியத் தர விதிப்படி கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சோதனை மருந்து ஓரிரு துளி விட்டால் மஞ்சள் ஏற வேண்டும். ஏறாமல் போவதற்குக் காரணம் பல நேரம் மூட்டையில் இருக்கிறது. நல்ல பொடியில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வாய் திறந்து கிடந்தால் அது சாக்கிலிருந்தே பறந்துவிடும். தொட்டியில் விழுவது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பு. மழைக்குப் பின் ஒரு தெருவே வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் உடைந்த குழாயைத் தேடுகிறார்கள். தேட வேண்டியதுதான். அதே நாளில் தொட்டியடி அறையைத் திறந்து, அந்த மூட்டையின் வாய் கட்டியிருக்கிறதா, எந்த மாதம் வாங்கியது என்றும் பார்க்க வேண்டும்.